ஜகந்நாதன் முன்னிலையில்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலுக்கு இடப்பக்கம், ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் ஒரு பெரிய குடையும் இருக்கின்றன. குடையில் ஏதோ ஒரு சிமெண்ட் கம்பெனியின் பெயர். குடைக்குக் கீழே இருப்பவர் ந. ஜகந்நாதன், பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர் மற்றும் நோட்டரி. வயது ஐம்பத்தெட்டு. ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார். இன்னொன்றில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்காரும். அப்படியானால் வருகிறவர் எங்கே உட்காருவார் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. காரணம், யாரும் வருவதில்லை. காகிதம் மட்டும் வரும்.

நோட்டரி என்பவருக்கு அரசாங்கம் ஒரு வட்ட முத்திரையையும் ஒரு வாக்கியத்தையும் கொடுத்திருக்கிறது. 'மேற்கண்டவர் இன்று என் முன்னிலையில் நேரில் தோன்றிக் கையொப்பமிட்டார்' என்பதே அந்த வாக்கியம். இருபத்திரண்டு வருடங்களாக ஜகந்நாதன் ஒரு நாளைக்குச் சராசரி நாற்பது காகிதங்களில் இதன் கீழே கையெழுத்துப் போட்டுவருகிறார். காகிதத்தில் தோன்றியவர்கள் எல்லாரும் நிஜமாகவே தோன்றியிருந்தால், கோர்ட்டு வாசலில் தினமும் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு உண்டான கூட்டம் கூடியிருக்கும். அப்படி ஒன்றும் கூடவில்லை. தோன்றியவர்களில் பாதிப் பேர் திருப்பூரில் இருந்தார்கள். சிலர் துபாயில். ஒரு முறை, காலையில் அவர் முன்னிலையில் தோன்றிவிட்ட ஒருவர், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவரிடமே வந்து, "சார், கோர்ட்டுக்கு எப்படிப் போகணும்?" என்று வழி கேட்டார். ஜகந்நாதன் பொறுமையாக வழி சொல்லி அனுப்பினார்.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கம் அப்படி. வக்கீல் குமாஸ்தா கருத்தையா காலையில் பத்தரைக்கு ஒரு கட்டுக் காகிதத்தோடு வருவார். இடது கையால் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே போவார். ஜகந்நாதன் முத்திரையைக் குத்திக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வருவார். இருவருடைய வேகமும் நன்றாகப் பழகிவிட்டது. கட்டு முடியும்போது டீ வரும். நாள் ஒன்றுக்கு நாற்பது கையெழுத்து என்றால் முழுப்பெயரை எழுத முடியுமா? ஆரம்ப காலத்தில் எழுதினார். பிறகு பெயரின் பின்பாதி உதிர்ந்தது. அப்புறம் முன்பாதி. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு நெளிவும் ஒரு புள்ளியும். அடித்த கொசு காகிதத்தில் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நோட்டரிச் சான்றிதழைப் புதுப்பிக்கிறபோது சென்னைக்கு மாதிரிக் கையெழுத்து அனுப்ப வேண்டும். போன தடவை அதற்கும் அவசரமாகக் கொசுவைத்தான் அடித்து அனுப்பினார்.

அவருடைய வாழ்க்கையில் நோட்டரி ஆவதற்குமுன் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே ஊரின் மடவார் வளாகத்தில் பிறந்தவர். சிறு வயதில் பாசுரம் ஓதும் கோயில் கோஷ்டியில் நின்று சேவித்துச் சேவித்துக் குரல் நன்றாகக் கனத்துப்போயிருந்தது. இந்தக் குரல் இருக்கிறதே, நீதிபதி நடுங்குவார் என்று சொல்லித்தான் வீட்டில் சட்டம் படிக்க அனுப்பினார்கள். நீதிபதி நடுங்கவில்லை. "மெதுவா பேசுங்க, பக்கத்துக் கோர்ட்டுல கேஸ் நடக்குது" என்றார். இரண்டு மூன்று நீதிபதிகள் அதையே சொன்ன பிறகு ஜகந்நாதன் பேச்சே தேவையில்லாத நோட்டரி வேலைக்கு மனுப் போட்டு, குடைக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு அந்தக் குரலுக்கு வேலை, டீக்கடைக்குக் கேட்கும்படி 'சர்க்கரை கம்மி' என்று சொல்வதுதான்.

போன மாசி மாதம் ஒரு நாள் கருத்தையா கொண்டுவந்த கட்டில், நடுவில் ஒன்று மட்டும் தடியாக இருந்தது. அறுபத்திரண்டு பக்கம். முதல் பாதி இங்கிலீஷ், அடுத்த பாதி அதற்கே தமிழ்.

"இது என்னவே, ராமாயணமா?" என்றார் ஜகந்நாதன்.

"ராஜபாளையத்து பேண்டேஜ் துணிக் கம்பெனி சாமி. சோழபுரம் ரோட்டுல தறி போட்டிருக்காவல்லா, செத்துப்போன சீனிச்சாமி மக வெங்கடேஸ்வரி, அந்தப் பிள்ளையோடது. ஜெர்மன்காரன் மூணு கோடி போடுதானாம். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து போதும். மத்த நோட்டரியெல்லாம் வேண்டாம்னுட்டாவ."

"ஏன் அவாள்லாம் வேண்டாம்னா?"

"அந்த லெட்டரைப் பாத்துட்டுத்தான். நீங்க அதையெல்லாம் படிக்காதிய."

படிக்காதே என்றால் படிப்பதுதானே வழக்கம். அது ஜெர்மன் கம்பெனியின் வக்கீல் எழுதிய கடிதம். முதல் வரியில் 'மாண்புமிகு நோட்டரி அவர்களுக்கு' என்று இருந்தது. ஜகந்நாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. ஜெர்மனியில் நோட்டரி என்றால் பெரிய ஆள். அங்கே ஒரு வீடு கைமாற வேண்டுமானாலும் கம்பெனி தொடங்க வேண்டுமானாலும் நோட்டரி இரு தரப்பையும் எதிரே உட்காரவைத்து, பத்திரம் முழுவதையும் வரிவிடாமல் உரக்கப் படித்துக்காட்டுவார். அவர் படித்து முடிக்காமல் எந்தப் பணமும் நகராது. உலகத்து நோட்டரிகள் எல்லாம் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த அப்பாவி ஸ்ரீவில்லிபுத்தூர் நோட்டரிக்கும் எழுதியிருந்தார். 'தாங்கள் ஆவணம் முழுவதையும் உரிமையாளர்கள் இருவருக்கும் உரக்கப் படித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று தாங்கள் திருப்தியடைந்த பின்னரே கையொப்பம் பெறுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். தங்கள் சொல்லை நம்பியே எங்கள் முதலீடு வருகிறது.'

தங்கள் சொல்லை நம்பியே. ஐம்பத்தெட்டு வருடத்தில் யாரும் சொல்லாதது. காஞ்சனா, அதாவது அவருடைய மனைவி, காய்கறி வாங்கிவரச் சொல்லும்போதுகூட அவர் சொல்லை நம்புவதில்லை. பையைத் திறந்து பார்ப்பாள்.

"கருத்தையா, ரெண்டு பேரையும் நேர்ல வரச்சொல்லும்."

கருத்தையாவின் இடது கை காற்றில் நின்றது. "சாமிக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. ரெண்டு பேரும் என் முன்னாடி வரணும்."

"எதுக்கு?"

"என் முன்னிலையில்னு போட்டிருக்கு ஓய்."

"அது எல்லாத்துலயுந்தான் போட்டிருக்கு!"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஜகந்நாதன் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தம்முடைய முழுப்பெயரை எழுதிப் பார்த்தார். கல்லூரி நாளில் போட்ட கையெழுத்து. முதல் எழுத்து கொடிபோல எழும்பி, கடைசி எழுத்தின் வால் திரும்பிவந்து பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போடும். ஏழாவது தடவை சரியாக வந்தது.

"யாருக்கு ஆட்டோகிராஃப் போட்டுண்டிருக்கேள்?" என்றாள் காஞ்சனா.

"ஜெர்மனிக்கு."

"தட்டு வைக்கலாமா, இல்லை ஜெர்மனிலேயே சாப்பிட்டாச்சா?"

வெங்கடேஸ்வரியும் அவள் தம்பி ஜெயபாண்டியும் மறுநாளே வந்தார்கள். வெங்கடேஸ்வரிக்கு நாற்பது வயது. இருபத்து நான்கு தறிகளின் சத்தத்தில் பேசிப் பழகியதால் சாதாரணமாகப் பேசினாலே சண்டைபோடுவதுபோல இருக்கும். ஜெயபாண்டி ராணுவத்தில் ஹவில்தார். அருணாசலப் பிரதேசத்தின் எல்லையிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன், அன்றைக்கு எட்டாவது நாள். அப்பா சீனிச்சாமி போன பிறகு தறிக்கூடமும் அது நிற்கும் ஒன்றரை ஏக்கரும் இருவர் பெயரிலும் இருந்தன. ஜெர்மன் கம்பெனிக்கு ராஜபாளையத்து பேண்டேஜ் துணி பிடித்திருந்தது. கிருமி நீக்கும் அறை ஒன்றைக் கட்டித்தந்து, புதுத் தறிகளையும் போட்டு, லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அவர்களுடைய போர்டு கூடுகிறது. அதற்குள் எல்லா முத்திரையோடும் பத்திரத்தின் நகல் மின்னஞ்சலில் போய்ச் சேரவில்லையென்றால், அந்த மூன்று கோடி வியட்நாமுக்குப் போய்விடும். வெங்கடேஸ்வரி இதைச் சொல்லும்போது வியட்நாம் என்பது பக்கத்துத் தெருவில் இருக்கும் பங்காளி வீடு மாதிரி சொன்னாள்.

சாப்பாட்டுப் பை தரைக்கு இறங்கியது. ஜெராக்ஸ் கடையில் ஒரு ஸ்டூல் இரவல் வாங்கப்பட்டது. ஜகந்நாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழ்ப் பாதியைத் தொடங்கினார்.

அவருக்கே தெரியாத ஒன்று அப்போது நடந்தது. முப்பத்தைந்து வருடமாக உரக்க எதையும் படிக்காதவருக்கு, உரக்கப் படிப்பதென்றால் தெரிந்த ஒரே விதம் கோஷ்டியில் சேவிக்கும் விதம்தான். அதே இழுப்பு, அதே நிறுத்தம். கோஷ்டியில் முடிவுப் பாட்டை இரண்டு தடவை சேவிப்பது மரபு. எனவே ஒவ்வொரு ஷரத்தின் கடைசி வரியையும் ஜகந்நாதன் இரண்டு தடவை படித்தார். 'இழப்பீட்டுக்கு இரு தரப்பினரும் பொறுப்பாவார்கள்… இழப்பீட்டுக்கு இரு தரப்பினரும் பொறுப்பாவார்கள்.' குரல் சும்மா இருக்குமா? கரும்புச்சாறு வண்டிக்காரர் மிஷினை நிறுத்தினார். பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றுக்குக் காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். ஜாமீன் வாங்க வந்த ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

பத்தொன்பதாவது ஷரத்தில் ஜெயபாண்டி கையைத் தூக்கினான்.

"சார். அந்தக் கடைசி வரி இன்னொருக்கா."

"'மேற்படி நிலத்தில் தமக்குள்ள பாகத்தை உரிமையாளர் எவரும் ஏழு ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது.'"

ஜெயபாண்டி அக்காவைப் பார்த்தான். "ஏழு வருசமா? நான் என் பங்கை வித்து வீடு கட்டப்போறேன்னு உன்கிட்ட சொன்னேன்லா?"

"எப்பச் சொன்ன?"

"போன லீவுல சொன்னேன். தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"தறி ஓடுறப்பச் சொன்னா எனக்கு எப்படிலே கேக்கும்?"

"கேட்டுத் தலையாட்டுன!"

"நான் எல்லாத்துக்கும் தலையாட்டுவேன். நூல் அறுந்திருக்கான்னு பாப்பேன்."

அடுத்த முக்கால் மணி நேரம் அக்காளும் தம்பியும் மூன்று கோடியை வியட்நாமுக்கு அனுப்பிவைத்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஜகந்நாதன் ஷரத்தின் மீது விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். விற்கத்தான் கூடாது, அக்காள் பெயருக்கு எழுதிக்கொடுக்கத் தடையில்லை என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அதையும் இரண்டு தடவை படித்தார். தம்பி பங்குக்கு உண்டானதை அக்காள் ஒவ்வொரு வருட லாபத்திலிருந்தும் கொடுத்துவருவது என்று போலீஸ்காரர்கள் முன்னிலையில் முடிவாயிற்று.

"ஒருக்கா படிச்சிருந்தா விட்டிருப்பேன் சார்," என்றான் ஜெயபாண்டி கையெழுத்துப் போடும்போது. "ரெண்டு தடவை சொல்லிட்டீய. தெரியாம போட்டுட்டுப் போயிருந்தா அடுத்த வருசம் இதே கோர்ட்டுல அக்கா மேல கேஸ் போட்டிருப்பேன்."

ஜெர்மன்காரன் முட்டாள் இல்லை என்று ஜகந்நாதனுக்கு அப்போதுதான் தோன்றியது. கடைசிப் பக்கத்தில் 'இருவருக்கும் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டினேன். இருவரும் என் முன்னிலையில் கையொப்பமிட்டனர்' என்று தம் கையாலேயே எழுதி, கொடியும் வாலுமாக முழுக் கையெழுத்தைப் போட்டார். படிக்க ஆரம்பித்ததிலிருந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மற்ற கட்டுகளோடு காத்திருந்த கருத்தையா வேறொரு குடைக்குப் போய்விட்டார்.

பத்திரம் சென்னைக்குப் போயிற்று. அங்கே ஓர் அலுவலகத்தில், இது உண்மையான நோட்டரி போட்ட கையெழுத்துதானா என்று பார்த்து ஒரு முத்திரை வைப்பார்கள். அது விழுந்துவிட்டால், வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான சதுர ஸ்டிக்கர் அடுத்த இடத்தில் மறுநாளே தானாக ஒட்டப்பட்டுவிடும்.

பன்னிரண்டாம் நாள் பத்திரம் திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு: 'நோட்டரியின் கையொப்பம் அலுவலகத்தில் உள்ள மாதிரியுடன் ஒத்துப்போகவில்லை.'

இத்தனை வருடமாகக் கொசுக்கள் எல்லாம் ஒத்துப்போயிருந்தன. அவர் நிதானமாக, முழுப்பெயரோடு, ஆளைப் பார்த்துப் போட்ட ஒரே ஒரு கையெழுத்தைப் போலி என்றது சென்னை.

வெங்கடேஸ்வரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு சீட்டை நான்காவது தடவை படித்தாள். தேதி இருபத்து நாலு. பக்கத்தில் கருத்தையா சமாதானமாகச் சொன்னார்.

"இதுல என்ன சாமி இருக்கு? கடைசித் தாளை மாத்துவோம். தம்பி கையெழுத்தை அக்கா இவியளே பாத்துப் போட்டுருவாவ. கீழ நீங்க வழக்கம்போல நெளிச்சு விடுங்க. முடிஞ்சு போச்சு."

"ஜெயபாண்டி எங்கே இருக்கான்?"

"பனியில நிக்கான். அதுக்கென்ன? நீங்க போடாத கையெழுத்தா?"

ஜகந்நாதன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். வெங்கடேஸ்வரி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை மறுபடியும் மாட்டினார்.

"முடியாது ஓய். இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு நிஜம் எழுதியிருக்கேன். அதையும் பொய்யாக்கச் சொல்றீரா?"

"நல்ல நேரம் பாத்தியளே சாமி, நிஜம் எழுத!"

"சார்," என்றாள் வெங்கடேஸ்வரி. அவள் குரல் முதன்முறையாகத் தறிச் சத்தத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. "பன்னெண்டு பேரு எங்கிட்ட வேலை பாக்காவ. புது ரூமு வந்துரும்னு இருக்கிற ஓட்டுக் கூரையைப் பாதி பிரிச்சிட்டேன். உங்க நிஜத்துக்கு நான் எம்புட்டு நாள் காத்திருக்கணும்?"

நியாயமான கேள்வி. ஜகந்நாதன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"சென்னைக்குப் போவோம்மா. அது என் கையெழுத்துதான்னு நானே நேர்ல போய்ச் சொல்றேன். நான் சொன்னா அங்கே இருக்கறவா நம்ப மாட்டாளா?"

கருத்தையா குடையைப் பார்த்தார்.

இருபத்தாறாம் தேதி மதியம் இரண்டே முக்காலுக்குச் சென்னையில் அந்த அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் ஜகந்நாதனின் முறை வந்தது. "நான்தான் அந்த நோட்டரி" என்றார்.

உள்ளே இருந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "கையெழுத்து ஒத்துப்போகல சார்."

"ரெண்டும் என்னுடையதுதான். வேணும்னா இப்போ உங்க முன்னாடியே ரெண்டையும் போட்டுக் காட்டறேன்."

"என் முன்னாடி போட்டா எப்படி? நான் என்ன நோட்டரியா?" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு கையெழுத்தும் உங்களோடதுதான்னு ஒரு அஃபிடவிட் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாலு மணிக்குள்ள."

"நானே நோட்டரி."

"உங்களுக்கு நீங்களே போட்டுக்கக் கூடாது. வேற நோட்டரி. அடுத்தது யாரு?"

எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள், ஒரு குடை. நாற்காலி ஒன்றில் சாப்பாட்டுப் பை. பலகையில் ஐயாதுரை, பி.எஸ்ஸி., பி.எல்., நோட்டரி என்று இருந்தது. வரிசையில் ஒன்பது பேர். வெங்கடேஸ்வரி போனில் மணி பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிடம். ஜெராக்ஸ் கடையில் அஃபிடவிட்டை டைப் அடித்து, ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு ஜகந்நாதன் வரிசையில் நின்றார். ஐயாதுரை தலையைத் தூக்காமல் முத்திரையைக் குத்தி நெளித்துக்கொண்டே இருந்தார். நல்ல வேகம். தொழில் தெரிந்தவர் என்று ஜகந்நாதனால் பார்த்தவுடனே சொல்ல முடிந்தது.

அவருடைய காகிதம் மேஜைக்கு வந்தது. முத்திரை குத்த ஐயாதுரை கையை ஓங்கினார். அந்த இடத்தில் ஜகந்நாதன் வாயைத் திறந்தார்.

"என்னைப் பார்க்கலையே நீங்க."

கை நின்றது. வரிசையும் நின்றது. வெங்கடேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன சார்?"

"என் முன்னிலையில் தோன்றினார்னு போடறேள். நான் தோன்றியிருக்கேன். ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்கோ."

ஐயாதுரை மெதுவாகத் தலையைத் தூக்கினார். பல வருடங்களாகத் தூக்காத தலை. கழுத்தில் ஒரு சத்தம்கூடக் கேட்டது. ஜகந்நாதனைப் பார்த்தார். ஆதார் நகலைப் பார்த்தார். மறுபடியும் ஜகந்நாதனைப் பார்த்தார். ஆதாரில் இருந்தவர் பதின்மூன்று வருடங்களுக்கு முந்தையவர். தலை நிறைய முடியும், மீசையும், ஏதோ திருட்டுக்குத் திட்டம் போடுகிற முகமுமாக இருந்தார்.

"இது நீங்க இல்லையே?"

"நான்தான்."

"மூக்கு வேற மாதிரி இருக்கு."

"மூக்கு அதேதான். முடிதான் போயிடுத்து."

"பாக்காம இருந்திருந்தா போட்டிருப்பேன் சார்," என்றார் ஐயாதுரை நிஜமான வருத்தத்தோடு. "இப்ப பாத்துட்டேன். பாத்த பிறகு எப்படிப் போடறது? உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது சாட்சி இருந்தா கூட்டிட்டு வாங்க."

"யோவ், சீக்கிரம் யா!" என்றது வரிசை. மணி மூன்றே முக்கால். சென்னையில் ஜகந்நாதனைத் தெரிந்தவர் என்று யாருமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அவர் முத்திரையைத் தெரிந்த அளவுக்கு முகத்தைத் தெரிந்தவர்கள் கம்மி.

"நான் இருக்கேன்," என்று வெங்கடேஸ்வரி முன்னால் வந்தாள்.

ஐயாதுரை அவளையும் நிமிர்ந்து பார்த்தார். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடிவதில்லை போலிருக்கிறது. "இவரை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரம் எப்படிப் போதும்?"

"எங்க வீட்டுக்காரரை எட்டு நாளுதான் தெரியும், கல்யாணமே பண்ணி வச்சாவ. அதுக்கு யாரும் சாட்சி கேக்கல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சார், இந்தா நிக்காவல்லா, இவியதான் ஜகந்நாதன் வக்கீலு. பத்திரம் முழுசையும் எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துப் பாத்துப் படிச்சாவ. ஒவ்வொரு வரியும் ரெண்டு ரெண்டு தடவை. எனக்குக் காதுல இன்னும் கேக்குது. இவிய படிச்சுக் காட்டலன்னா நானும் என் தம்பியும் இந்நேரம் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிச்சிருக்க மாட்டோம். இந்த மனுசனை எனக்குத் தெரியாதுன்னா வேற யாரைத் தெரியும்?" அவள் தன் ஆதாரை மேஜையில் போட்டாள். "எங்க கையெழுத்துப் போடணும்? சொல்லுங்க. மணியாகுது."

ஐயாதுரை அஃபிடவிட்டைக் கையில் எடுத்தார். என்ன நினைத்தாரோ, முதல் வரியிலிருந்து மெல்ல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஒன்றே கால் பக்கம்தான். வெங்கடேஸ்வரி போனையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். படித்து முடித்து, சாட்சியிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, நெளித்தார். மூன்று ஐம்பத்திரண்டு.

இரண்டு பேரும் சாலையைக் கடந்த விதத்தை யாரும் பார்க்கவில்லை என்று நம்புவோம்.

மூன்றாவது ஜன்னலில் அந்த அம்மாள் பையை மூடிக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கினார். நோட்டரி முத்திரை வட்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பெரிய முத்திரையை மையில் ஒற்றினார்.

ஜகந்நாதனின் கண் ஐயாதுரை போட்ட நெளிவின் மேல் போயிற்று. அந்த ஆளுடைய மாதிரிக் கையெழுத்து எப்படி இருக்கும்? அதை இந்த அம்மாள் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லையே? தன்னுடைய கையெழுத்துக்கு மட்டும் அவ்வளவு கறார். இதற்கு ஏன் இல்லை? தொண்டை தானாகச் செருமிக்கொண்டது.

"அம்மா, ஒரு சந்தேகம். இந்த நோட்டரியோட கையெழுத்தை நீங்க—"

"சார்!" வெங்கடேஸ்வரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் ராத்திரி எட்டரைக்குத்தான். ஆனால் அவர் கேள்வியை முடிப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.